விலங்குகளின் மணம் ஆயுதமா, செய்தியா? தேசிப் புழு முதல் செவ்வண்டு வரை

சுன்னாகத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வளவில் நிற்கும் தேசி மரத்தின் கொழுந்துகளை, மாரி தொடங்கியதும் ஒரு புழு வந்து தின்று தீர்க்கிறது. சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் என்று எண்ணும்படி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும் அது, பருத்த பின்னர் பச்சை நிறத்துக்கு மாறிக் கொழுந்தோடு கொழுந்தாக ஒட்டிக்கொள்கிறது. ஈர்க்கால் அதன் முதுகைத் தொட்டால், தலைக்குப் பின்னாலுள்ள மடிப்பிலிருந்து ஈரம் மினுங்கும் செம்மஞ்சள் நிறக் கவர்க்கொம்பு ஒன்று சட்டென்று வெளியே வருகிறது. கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் புளித்த நெடி ஒன்றும் எழுகிறது. தொந்தரவு நின்றதும், கையுறையின் விரலை உட்புறமாக இழுத்தாற்போலக் கொம்பு மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது.

உயர்தர வகுப்பில் நாங்கள் படித்தபோது, எதிரியை விரட்டச் சுரப்பவை ஒரு தலைப்பின் கீழும், தன்னினத்தோடு தொடர்புகொள்ளச் சுரக்கும் பெரோமோன்கள் வேறொரு தலைப்பின் கீழும் இருந்தன. இந்தப் பிரிவு உயிரினங்களிடம் உண்மையாகவே இருக்கிறதா, அல்லது பாடக்குறிப்பின் வசதிக்காக நாம் கீறிக்கொண்ட கோடா என்பதே என் கேள்வி. வளவிலும் வயலிலும் கடலிலும் கண்டவற்றை வைத்து எழுதினால் பயனாக இருக்கும்.

நல்லூர் ரீச்சர்

தம்பி, நீங்கள் கண்டது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலையிலும் இதன் உறவினங்களைக் காணலாம். அந்தக் கவர்க்கொம்பு உண்மையில் ஒரு சுரப்பி. குருதிப் பாய்மத்தின் அழுத்தத்தால் அது வெளியே தள்ளப்படுகிறது. தசைகள் அதனைத் திரும்ப இழுக்கின்றன. இந்தப் பட்டாம்பூச்சிச் சாதியில் ஆய்வு செய்யப்பட்ட பல இனங்களில், சிறு புழுக்களின் சுரப்பில் தாவர எண்ணெய்களை ஒத்த தெர்ப்பீன்கள் மிகுந்திருக்கின்றன. கடைசிப் பருவத்துப் புழுவிலோ அவை குறைந்து, நீங்கள் முகர்ந்த புளித்த நெடிக்குக் காரணமான கொழுப்பமிலங்கள் மேலோங்குகின்றன. எச்சமாக நடிக்கும் வயதுக்கு ஒரு கலவையும், இலையாக நடிக்கும் வயதுக்கு வேறொரு கலவையுமாகச் சுரப்பது, எறும்பு முதலிய சிறிய எதிரிகளை அது எத்தனை காலம் சமாளித்து வந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

கோடு பற்றிய கேள்விக்கு, மாமரத்து முசுறு நல்ல மறுமொழி தரும். முசுற்றுக் கூட்டை அசைத்தவர்கள் அறிவார்கள்: முதலில் ஒன்று கடிக்கும், பின்னர் சற்று நேரத்தில் கிளை முழுவதுமே கை மேல் வந்து நிற்கும். அது தெளிக்கும் மெதனோயிக்கமிலம் (போமிக் அமிலம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும்) ஆயுதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் தாடைச் சுரப்பியிலிருந்து வெளியாகும் கலவை வேறு வகையானது. நம்முடைய முசுறின் ஆபிரிக்க உறவினத்தில் பிராட்சோ முதலியோர் 1975இல் இதனைப் பிரித்துக் காட்டினார்கள். விரைவில் ஆவியாகும் எக்சனால் தூரம் வரை பரவி, எறும்புகளை விழிப்படையச் செய்கிறது. அடுத்துப் பரவும் எக்சனோல் அவற்றை இடத்தை நோக்கி இழுக்கிறது. மெல்ல ஆவியாகும் மற்றைய இரு பொருள்கள் எதிரியின் உடம்பிலேயே தங்கி, "இங்கே கடி" என்று அடையாளமிட்டு வைக்கின்றன. ஒரே துளிக்குள் இத்தனையும் இருக்கின்றன. ஆவியாகும் வேகத்தின் வேறுபாடே அவற்றுக்கு ஒழுங்கு கொடுக்கிறது.

கரவெட்டியான்

ரீச்சர், முசுறு கூட்டமாக வாழும் உயிர் என்பதால் அதனிடம் இரண்டும் கலந்திருப்பது இயல்பே. தனித்து வாழும் உயிர்களை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டெறி வண்டு என்று ஒன்று உண்டு. அது தன் வயிற்றில் ஐதரோகுயினோனையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் ஓர் அறையில் சேமித்து, தேவைப்படும்போது நொதியங்கள் உள்ள அடுத்த அறைக்குள் விட்டு, ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் கொதிக்கும் குயினோனை எதிரியின் மேல் பீச்சுகிறது. தோமஸ் ஐஸ்னரும் அவருடைய குழுவினரும் 1969இல் இந்த வெப்பத்தை அளந்தார்கள். பீச்சல் தொடர்ச்சியாக வருவதுமில்லை. செக்கனுக்கு 500 தடவை வரையில் துடித்துத் துடித்து வெளியாகிறது. கொதிநீரை முகத்தில் ஊற்றுவதைச் செய்தி என்று எவரும் சொல்லமாட்டார்.

மாரிகாலத்தில் கிணற்றுக்கட்டில் ஊரும் மரவட்டையும் அப்படித்தான். கையில் எடுத்தால் விரலில் கபில நிறக் கறை படியும். சவர்க்காரம் போட்டாலும் இலகுவில் போகாது. அதுவும் குயினோன் வகைதான். வேறு சில மரவட்டை வகைகள் ஐதரசன் சயனைட்டையே வெளியிடுகின்றன. இவற்றில் வாங்குபவனுக்கு என்ன செய்தி இருக்கிறது? செய்தி என்றால் அனுப்புபவனுக்கும் பெறுபவனுக்கும் அதனால் பயன் இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலின்படி கோடு தெளிவாகவே இருக்கிறது.

நல்லூர் ரீச்சர்

அளவுகோல் சரி, கரவெட்டியார். ஆனால் அதே மரவட்டையை வெனிசுவேலாவின் கபுச்சின் குரங்குகள் பிடித்து, மழைக்காலத்தில் தம் உரோமத்தில் தேய்த்துக்கொள்கின்றன. அந்தக் குயினோன்கள் நுளம்பை விரட்டும் என்பது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. விரட்டுவதற்காகச் சுரந்தது இன்னோர் உயிருக்கு நுளம்பெண்ணெயாகிறது.

தனித்து வாழும் உயிர்தான் வேண்டும் என்றால், வயலில் கதிர் பால் பிடிக்கும்போது வந்து சூப்பும் முட்டுப்பூச்சியையும் அதன் வீட்டு உறவான மூட்டைப்பூச்சியையும் பாருங்கள். இந்த இனங்களின் நாற்றத்துக்குப் பெரும்பாலும் அல்டிகைட்டுகள் என்னும் சில சேர்மங்களே காரணம். கொத்தமல்லித் தழையில் உள்ளவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால்தான், சிலருக்குக் கொத்தமல்லித் தழை பூச்சி மணக்கிறது. மூட்டைப்பூச்சியில் இந்த அல்டிகைட்டுகள் எதிரியை விலக்குகின்றன. அருகிலுள்ள மற்றைய மூட்டைப்பூச்சிகளுக்கோ "கலைந்து ஓடு" என்னும் அறிவித்தலாகவும் ஆகின்றன. பொருள் ஒன்று, சுரப்பி ஒன்று, கேட்பவர்தான் வேறு. இவற்றைக் குடும்பமாகச் சேர்ந்து வாழும் உயிர் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

தேனீயையும் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டும்போது கொடுக்கின் அடியிலிருந்து வெளியாகும் ஐசோபென்ரைல் அசற்றேற்று கதலிப்பழம் போல மணக்கும். 1962இல் இது இனங்காணப்பட்டது. கொடுக்கு தோலில் தைத்துக்கொண்டு நிற்கும்வரை அந்த மணமும் அங்கேயே நிற்கிறது. அடுத்தடுத்து வரும் தேனீக்கள் அதே இடத்திலேயே கொட்டுவது அதனால்தான். தேன் எடுப்பவர்கள் கொட்டு விழுந்த இடத்தில் உடனே புகை காட்டுவதும் இந்த மணத்தை மறைப்பதற்கே.

குப்பிழான் தோட்டக்காரன்

மாம்பழக் காலம் வரும்போது, கறுத்தக்கொழும்பானில் பாதியைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாங்கள் தின்கிறோம். ஆகையால் பழ ஈயைப் பற்றி எழுதாமல் இந்த இழையைக் கடந்துபோக முடியவில்லை.

விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் பொறியில் மெதைல் இயூஜினோல் என்னும் பொருள் தடவியிருக்கும். போத்தலைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் மஞ்சள் வரி போட்ட ஈக்கள் போத்தலின் வாயைச் சுற்றத் தொடங்கும். அவற்றில் பெண் ஈ ஒன்றும் இராது. வருபவை எல்லாம் ஆண்கள். இந்த மெதைல் இயூஜினோல் ஈயின் உடம்பில் ஊறும் பொருள் அன்று. துளசி உட்பட எத்தனையோ செடிகளில் இருக்கிறது. இந்தியாவில் பணியாற்றிய ஹவ்லெற் என்னும் பூச்சியியலாளர், நுளம்புக்காகப் பூசிய சித்திரநெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதிவைத்தார். தேடிய பொருள் எது என்பதைப் பின்னர் அவரே கண்டுகொண்டார்.

ஆண் ஈ இதனை நக்கித் தின்று, உடம்புக்குள் சற்றே மாற்றி, குதத்தருகே உள்ள சுரப்பியில் சேமித்துக்கொள்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அதனை வெளிவிடும்போது பெண் ஈக்கள் நாடி வருகின்றன; உண்ட ஆணுக்கே இணை எளிதில் கிடைக்கிறது. சுன்னாகத்துத் தம்பியின் கேள்விக்கு நேரே பொருந்துவது இதன் அடுத்த பாதிதான். மலேசியாவில் செய்த ஆய்வுகளில், மெதைல் இயூஜினோல் உண்ட ஈக்களைப் பல்லிகள் விரும்பித் தின்னவில்லை. பெண்ணை அழைக்கும் அதே சரக்கு பல்லியைத் தள்ளி நிறுத்துகிறது. அதுவும் செடியிடமிருந்து இரவல் வாங்கிய சரக்கு.

இந்தப் பொறி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மேற்குப் பசிபிக்கில் உள்ள ரோட்டா என்னும் சிறு தீவு சான்று. மெதைல் இயூஜினோலுடன் பூச்சிகொல்லி ஊட்டிய அட்டைத் துண்டுகளை அங்கே பரவலாகப் போட்டு, ஆண்களை அழித்தே பழ ஈயை முற்றாக ஒழித்தார்கள். அந்த வெற்றி 1965இல் வெளியிடப்பட்டது. எங்கள் குடாநாட்டில் ஒரு தோட்டக்காரன் கட்ட, பக்கத்துத் தோட்டக்காரன் கட்டாமல் விட்டால், நான் அவனுடைய ஈயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாகலுக்கும் புடலைக்கும் வரும் ஈ வேறு இனம். அதற்குக் கியூலூர் என்னும் வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். கடையில் கேட்டு வாங்கும்போது பலர் இதனைக் கவனிப்பதில்லை.

அளவெட்டிப் பேரன்

பெரியவர்கள் இருக்கும் இழை என்பதால் கேட்கிறேன். பாம்பை அடித்தால் அதன் சோடி பழிவாங்க வரும் என்று அம்மம்மா சொல்வார். தாழம்பூ மணத்துக்குப் பாம்பு வரும் என்றும் சொல்வார். இவற்றில் மணத்துக்கு ஏதாவது பங்கு உண்டா?

நல்லூர் ரீச்சர்

பழிவாங்கும் நினைவும் சோடியாக வாழும் வழக்கமும் பாம்புக்கு இல்லை, பேரா. ஆனால் மணத்துக்குப் பங்கு உண்டு. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது, காற்றிலும் நிலத்திலும் உள்ள மணத்துகள்களை மேல்வாயிலுள்ள யாக்கோப்சன் அங்கத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்காக. கனடாவின் மனிற்றோபாவில் வாழும் கார்ட்டர் பாம்புகளில், பெண்ணின் தோலிலுள்ள மெதைல் கீற்றோன்களே ஆண்களை ஈர்க்கின்றன என்பதை மேசன் முதலியோர் 1989இல் நிறுவினார்கள். பெண் ஊர்ந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண் வந்து சேரும். ஆகவே, இணைசேரும் காலத்தில் முற்றத்தில் ஒரு பெண் பாம்பை அடித்த பின்னர், அதே தடத்தில் இன்னொரு பாம்பு வந்து நின்றால், அது தேடி வந்தது பெண்ணையே, அடித்தவரை அன்று. தாழம் பற்றையில் பாம்பு இருப்பதற்கு அந்த அடர்ந்த முள்ளிலைகளும் அவற்றுக்குள் ஒதுங்கும் எலி, தவளை, ஓணான்களும் போதுமான காரணம்.

சாரையைப் பிடித்தவர்களின் கையில் ஒட்டும் நாற்றம் வேறு. அது வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது, பெரும்பாலும் தற்காப்புக்கானது.

மாங்குளத்தான்

வன்னிப் பக்கத்திலிருந்து யானையைச் சேர்த்துக்கொள்கிறேன். சங்கப் புலவர்கள் களிற்றின் மதநீரில் வண்டு மொய்ப்பதாகத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். நெடுநாளாக அதனைக் கவிமரபு என்றே கருதியிருந்தேன். ரஸ்முசன், ரிடில், தமிழ்நாட்டு யானை வைத்தியர் கிருஷ்ணமூர்த்தி ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதன்முதலாக மதம் பிடிக்கும் இளங்களிற்றின் கன்னச் சுரப்பு தேன் போல மணக்கிறது. வயது முதிர முதிர அது நாற்றமாக மாறுகிறது. இளையவனுடைய இனிய மணம், "நான் உங்களோடு மோத வரவில்லை" என்று பெரிய களிறுகளுக்குத் தெரிவிப்பதாக அவர்கள் விளக்கினார்கள். புலவர்கள் எத்தகைய களிற்றின் அருகே நின்று பார்த்தார்கள் என்பதை இனி இதனை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசிய யானைப் பெண் இணைசேர ஆயத்தமாக இருப்பதைத் தன் சிறுநீரில் உள்ள ஒரு பொருளால் அறிவிக்கிறது. ரஸ்முசன் 1996இல் அதனை இனங்கண்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களின் பெண்கள் ஆணை அழைக்கப் பயன்படுத்தும் அதே பொருள்தான் அது என்று தெரியவந்தது. அந்துப்பூச்சி யானையைத் தேடிப் போவதில்லை. யானையும் அந்துப்பூச்சியைத் தேடிப் போவதில்லை. பூச்சிகள் வேறு பொருள்களையும் கலந்தே வெளிவிடுகின்றன; அளவும் மிக நுண்ணியது.

குருநகர்க் கரையோரம்

கடலில் மணம் என்றால் நீரில் கரைவது என்று பொருள். கணவாய் மையைப் பீச்சுவது கண்ணை மறைக்க என்றுதான் எல்லாரும் எண்ணுகிறார்கள். அந்தக் கறுப்பு நிறம் மெலனின். அதனோடு டோபமீன் முதலிய பொருள்களும் இருக்கின்றன. ஊசிக் கணவாயில் இவை மற்றைய கணவாய்களையும் வெருட்டி விலகச் செய்வது ஆய்வில் கண்டறியப்பட்டிருக்கிறது. மீனில் இதனை முதலில் கண்டவர் கார்ல் வொன் ஃபிரிஷ். தோல் காயப்பட்ட சிறுமீன் ஒன்றைத் தொட்டியில் விட்டதும் முழுக் கூட்டமும் கலைந்து ஒளிந்ததை 1938இல் எழுதினார்.

கடலட்டை பற்றி இன்று எல்லாரும் பேசுவது விலையைத்தான். பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை அட்டையிடம் எறிவதற்கு நூல் இல்லை. நூலட்டையைத் தொட்டால் வெள்ளை வெள்ளையாக ஒட்டும் நூல்களை எறியும், கையில் பட்டால் உரித்தெடுக்கப் பாடுபட வேண்டும். நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டைகளின் தோலில் சபோனின் என்னும் நஞ்சு இருக்கிறது. வாளியில் மீனோடு சேர்த்துப் போட்டால் மீன் செத்து மிதக்கும். கரவெட்டியார் இதனைச் சுத்தமான ஆயுதம் என்பார். ஆனால் அட்டைமேல் ஒட்டி வாழும் சிறு நண்டு ஒன்று, அந்தச் சபோனினை மோப்பம் பிடித்தே தன் அட்டையைக் கண்டுபிடிக்கிறது என்பது 2013இல் வெளிவந்தது. மீனுக்கு நஞ்சாக இருப்பது நண்டுக்கு வீட்டு முகவரி.

கரவெட்டியான்

நண்டு உதாரணம் என் அளவுகோலை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. அட்டை நண்டை அழைக்கவில்லை. நண்டு ஒட்டுக்கேட்கிறது. அதுபோலவே கபுச்சின் குரங்கு மரவட்டையிடம் திருடுகிறது. ஒட்டுக்கேட்பதையும் திருடுவதையும் உரையாடல் என்று எழுதிவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும்.

ஆனாலும் ஓர் இடத்தில் நானும் இறங்கி வர வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் பொலாஸ் சிலந்தி என்று ஒன்று இருக்கிறது. அது வலை பின்னுவதில்லை. ஒரு நூலின் நுனியில் பசைத்துளி ஒன்றைத் தொங்கவிட்டு, இரவில் காத்திருக்கிறது. அது பிடிப்பவை எல்லாம் ஆண் அந்துகளாகவே இருப்பதை எபர்ஹார்ட் 1977இல் கவனித்தார். பெண் அந்தின் மணத்தைச் சிலந்தி தானே ஆக்கி வெளிவிடுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. இதில் செய்தி இருக்கிறது, அனுப்புபவர் இருக்கிறார், பெறுபவருக்குப் பயன் மட்டும் இல்லை. என் அளவுகோலின்படி இது செய்தியும் ஆகாது, நேரடி ஆயுதமும் ஆகாது. பொய்க்கு ஒரு மூன்றாம் பெட்டி வைக்க வேண்டும். குப்பிழானின் போத்தலும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும் என்று நினைக்கிறேன்.

பளைத் தென்னையன்

பெட்டி எதுவாயினும் ஆகட்டும், ஐயா. எனக்கு அந்தப் பொய்தான் வேலை செய்கிறது.

தென்னையைத் துளைத்துக் கெடுக்கும் செவ்வண்டின் ஆண், இளந் தென்னையில் இடம் கண்டதும், தன்னினத்து ஆண் பெண் இரண்டையும் அழைக்கும் மணத்தை வெளிவிடுகிறது. அந்தப் பொருள் 1993இல் இனங்காணப்பட்ட பின்னர்ப் பொறிக்கு வந்தது. வாளியின் பக்கங்களில் ஓட்டை போட்டு, வெளிப்புறத்தில் சாக்குச் சுற்றினால் வண்டு பிடித்து ஏறும். மூடியின் உட்பக்கத்தில் அந்தப் பொருள் அடைத்த மணப்பையைக் கட்டி, அடியில் புளித்த கள்ளோ அன்னாசித் தோலோ போட்ட தண்ணீர் விட வேண்டும். மணப்பை மட்டும் வைத்தவர்கள் வண்டு வரவில்லை என்று குறைப்படுவார்கள். புளிப்பு மணம் சேர்ந்தால்தான் முழுமையாக இழுக்கும். குருத்தைக் குடையும் கருவண்டுக்கு வேறு மணப்பை உண்டு. அதற்கு எருக்குவியலையும் உக்கிய மரக்குற்றிகளையும் அகற்றாமல் பொறியை மட்டும் நம்புவது வீண். அங்கேதான் அது முட்டையிடுகிறது.

என் கேள்வி இதுதான். சென்ற போகத்தில் இளங்கன்றுகளுக்கு நடுவிலேயே பொறியைத் தொங்கவிட்டேன். வாளிக்குள் வண்டு விழுந்தது உண்மை. ஆனால் வாளிக்கு மிக அருகில் நின்ற கன்றுகளிலேதான் சேதமும் கூடுதலாக இருந்தது. பொறி வண்டைக் கொண்டுவந்து தருகிறதா?

குப்பிழான் தோட்டக்காரன்

ஆம் அண்ணா, அழைப்பைக் கேட்டு வரும் வண்டுகள் எல்லாம் வாளிக்குள் இறங்குவதில்லை. கிட்ட வந்ததும் தென்னையின் மணம் வாளியின் மணத்தை வென்றுவிடும். அப்போது பக்கத்துக் கன்றில் இறங்கும். பொறியைக் காணியின் எல்லையோரமாக, கன்றுகளிலிருந்து தள்ளி வையுங்கள். மூன்றிலிருந்து பத்து வயது வரையுள்ள தென்னைகளே செவ்வண்டுக்கு மிகவும் பிடித்தவை என்பதால், அந்த வரிசைகளுக்கு அருகே வைக்கவே கூடாது.

நல்லூர் ரீச்சர்

அதோடு ஒன்று சேர்க்கிறேன், பளையார். வெட்டுப்பட்ட தென்னையிலிருந்து வடியும் சாற்றின் மணமும் செவ்வண்டை இழுக்கும்; அந்தக் காயத்திலேயே பெண் வண்டு முட்டையிடும். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள். வெட்ட நேர்ந்தால் மட்டையடியில் சற்று நீளம் விட்டு வெட்டி, வெட்டுவாயில் அன்றைக்கே தார் பூசிவிடுங்கள். கருவண்டு குடைந்த ஓட்டைகளும் செவ்வண்டுக்கு வாசலாகும் என்பதால், குருத்தடி மட்டைக் கவட்டில் நப்தலின் உருண்டையை மணலோடு வைப்பதை மழை விட்டதும் தொடங்கலாம். பொறியில் உள்ள புளித்த நீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். மணப்பை தீர்ந்ததைப் பையில் திரவம் வற்றியதைப் பார்த்து அறியலாம்.